நாய் போன பிறகு: மிச்சமிருக்கும் பட்டை, மணி, ஜமுக்காளத்தை வைத்துக் கையால் என்ன செய்யலாம்?

பெருந்துறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வீட்டில் 11 வருடம் இருந்த நாட்டுநாய் கருப்பன் வயதாகி இறந்துவிட்டது. தோட்டத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தோல் பட்டை, அதில் கோத்த வெண்கல மணி, படுத்துக் கிடந்த பழைய பவானி ஜமுக்காளம், சீப்பில் சிக்கிய கொஞ்சம் முடி மட்டும் இருக்கிறது. என் கையால் ஏதாவது செய்து வைக்க ஆசை என்கிறார். கால் தடம் எடுக்காமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தமும் இருக்கிறது. செத்த பிராணியின் முடி வீட்டில் இருக்கக்கூடாது என்கிறார் அத்தை. அப்பாரு, அதாவது தாத்தா, ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. களத்துக்குச் சிமெண்ட் போட்ட அன்று ஈரத்தில் கருப்பன் குறுக்கே ஓடியதற்குத் திட்டித் தீர்த்த மனிதர் இப்படி உட்கார்ந்திருக்கிறாரே என்று முடித்திருக்கிறார்.

நான் திருப்பூரில் தையல், எம்பிராய்டரி வேலை செய்கிறவன். பிராணி போன வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் துணியிலும் பட்டையிலும் இந்த மாதிரி வேலைகளும் செய்து கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

அம்மணி, முதலில் ஒன்று. இப்போதைக்கு எதையும் துவைக்காதீர்கள், எதையும் வெட்டாதீர்கள். வருகிறவர்களில் பலர் சுத்தமாகத் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். அதற்கப்புறம், "வாசம் போயிருச்சுங்களே" என்று அவர்களே வருந்துகிறார்கள். ஜமுக்காளத்தில் இருக்கும் அந்த நாய் வாசம் எப்படியும் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்துவிடும். ஓர் ஓரத்தில் கைக்குட்டை அளவுப் பகுதியை நிழலில் நன்றாக உலரவிட்டு, பிறகு அதை மட்டும் வெட்டி, மூடி இறுகும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயிலில் போட்டால் வாசமும் போகும், சாயமும் வெளுக்கும். இந்த ஒரு வெட்டைத் தவிர மற்றதெல்லாம் மனது கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அத்தை சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். அவர் வீடும்தானே அது. ஆனால் சாமிக்கு வீசும் சாமரம் கவரிமாவின் வால் முடிதான், கோயில் வாசலில் அடிக்கும் பறையும் உடுக்கையும் தோல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம். அப்படியும் மனது ஒப்பவில்லை என்றால் முடியை விட்டுவிடுங்கள். உங்களிடம் அதைவிட நல்ல பொருள்கள் இருக்கின்றன.

"நாய்க்குப் போய் இத்தனையா" என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. காங்கயம் காளை ஒன்று விழுந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். நாய்க்கு அப்படி யாரும் வருவதில்லை. ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது என்று கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-லேயே எழுதினார். செல்லப் பிராணிக்காக அழுகிறவர்களின் நிலையை விளக்க இன்றும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். நம்மவர்கள் அதற்கும் வெகுகாலம் முன்பே நாய்க்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதைப் பெயர் போட்டு எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் உடுமலை அருகே சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு மாட்டுப்பொங்கலையொட்டிப் போனால் மண்ணில் செய்த மாட்டு உருவாரங்களைப் பார்க்கலாம். அது உயிரோடு இருக்கும் மாடுகன்று நோய்நொடி இல்லாமல் இருக்க வைப்பது, இறந்ததற்கு வைப்பதில்லை. ஆனாலும் பிராணியின் உருவத்தை மண்ணில் பிடித்து வைப்பது நமக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். கால் தடம் இல்லை என்று வருந்துகிறீர்கள். அது உங்கள் களத்திலேயே இருக்கிறது. அப்பாரு திட்டினாரே, அந்த ஓட்டம்தான். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல தடம் கிடைக்காது. இறந்த பிராணியின் காலைப் பிடித்து மாவில் அழுத்தி எடுக்கும் தடம் அசைவில்லாமல் இருக்கும். ஓடும்போது விழுந்த தடத்தில் முன்பக்கம் ஆழமாகவும், நகம் கீறியும், பின்பக்கம் மேலோட்டமாகவும் இருக்கும்.

மழையில்லாத நாளில் செய்யுங்கள். பல் துலக்கும் பழைய பிரஷால் தடத்துக்குள் அடைந்த மண்ணை எடுத்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, அதிகமானதை ஊதிவிடுங்கள். எண்ணெய் தடவினாலும் களிமண் ஒட்டாது, ஆனால் சிமெண்டில் கறை நின்றுவிடும். பிள்ளைகள் விளையாடுவதற்கு விற்கும் எண்ணெய்க் களிமண், காயாத வகை, அதை வாங்கிக்கொள்ளுங்கள். கை சூட்டில் நன்றாகப் பிசைந்து விரிசல் இல்லாத உருண்டையாக்கி, தடத்தின் நடுவில் வைத்து, நடுவிலிருந்து ஓரம் பார்த்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். சப்பாத்தி மாதிரித் தட்டி மேலே போட்டு அழுத்தினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும், பெரிய மெத்தைப் பகுதி பதியாது. ஒரு பக்கமாக மெல்லத் தூக்கினால் தடம் களிமண்ணில் மேடாக வந்திருக்கும்.

களிமண்ணை மேடு மேலே இருக்கும்படி ஒரு பலகையில் வைத்து, அந்த மேட்டைச் சுற்றி கெட்டி அட்டையால் இரண்டு விரல் உயரத்துக்கு வேலி கட்டி, உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றினால் மறுபடி பள்ளமாக, களத்தில் இருப்பது போலவே கிடைக்கும். அளவு, தண்ணீர் ஒரு பங்குக்குப் பவுடர் இரண்டு பங்கு. தண்ணீரில்தான் பவுடரைத் தூவ வேண்டும், பவுடரில் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டியாகும். வேகமாக அடிக்காமல் மெதுவாகக் கலக்கினால் குமிழ் வராது. முதலில் கொஞ்சமாகத் தடத்தின் மேல் ஊற்றி, பலகையை லேசாகத் தட்டிவிட்டு, பிறகு மீதியை ஊற்றுங்கள். பிளாஸ்டர் இறுகும்போது மிகச் சிறிதளவு விரியும். நகக்கீறல் வரை பதிவதற்கு அதுவும் ஒரு காரணம். அரை மணி நேரத்துக்குப் பிறகு களிமண்ணை உரித்துவிடலாம், முழுதாக உலரச் சில நாள் ஆகும். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும், குப்பையில் போடுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உயிரோடு இருக்கும் நாயின் காலையோ குழந்தையின் கையையோ நேராகப் பிளாஸ்டரில் வைக்காதீர்கள். இறுகும்போது அது சூடாகும், கனமாக ஊற்றினால் தோல் வெந்துபோகிற அளவுக்குச் சூடாகும். வயதான நாய் இருக்கிறவர்கள் இப்போதே களிமண்ணில் ஒரு தடம் எடுத்து வைத்துவிடுங்கள், பிளாஸ்டர் அப்புறம் ஊற்றிக்கொள்ளலாம். மைதாவும் உப்பும் பிசைந்து தடம் எடுத்து அடுப்பில் வாட்டும் முறையை நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உப்பு ஈரத்தை இழுக்கும், ஐப்பசி மழையில் நசநசத்துப் போகும். எறும்பும் எலியும் வேறு. குயவரிடம் கொடுத்து மண்ணில் சுட்டு வாங்குவது நல்லது. ஆனால் மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும், தடம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு சின்னதாகிவிடும். நன்றாக உலராத கனமான கட்டியைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துவிடும், எனவே மெல்லிய தகடாகவே செய்யச் சொல்லுங்கள்.

பிளாஸ்டர் தகட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி, பம்ப் செட்டுக்கும் மோட்டாருக்கும் பாகம் வார்க்கும் பட்டறைகள் கோவையைச் சுற்றி நிறைய இருக்கின்றன. பெரிய பவுண்டரியில் ஒற்றைத் துண்டுக்கு மதிக்க மாட்டார்கள். சின்ன அலுமினியப் பட்டறையில் கேளுங்கள். அன்றைக்கு ஊற்றுகிற வேலையோடு சேர்த்து மணலில் இதையும் ஓர் ஓரத்தில் அழுத்தி வார்த்துக் கொடுப்பார்கள். பட்டறைக்குக் கொண்டுபோகும் முன்பே பிளாஸ்டர் தகட்டுக்கு இரண்டு மூன்று கை வார்னிஷ் அடித்து உலர்த்திவிடுங்கள், இல்லையென்றால் ஈர மணல் அதில் ஒட்டும். பள்ளத்தின் ஓரங்கள் மேலே அகன்று கீழே குறுகி இருக்க வேண்டும். உள்பக்கமாகக் குடைந்திருந்தால் தகட்டை எடுக்கும்போது மணல் பெயர்ந்து வரும், அந்த இடங்களைக் களிமண் நிலையிலேயே விரலால் சரிசெய்துவிடலாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆறும்போது நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல் சுருங்கும், கண்ணுக்குத் தெரியாது. பித்தளையிலும் செய்யலாம், எடையும் விலையும் கூடும். பெயரும் வருடமும் வேண்டுமென்றால் பிளாஸ்டர் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் எழுதிவிடுங்கள். அச்சு எழுத்தைவிட உங்கள் கையெழுத்தே நன்றாக இருக்கும். மழை, வெயிலில் அலுமினியம் இரும்பு போலத் துருப்பிடிக்காது, கேட் தூணில் மாட்டிவிடலாம்.

இந்த வேலைக்கு அப்பாருவைக் கூப்பிடுங்கள். மனசு ஆறும் என்று சொல்லிக் கூப்பிட்டால் வரமாட்டார். "களத்துல அச்சு எடுக்கோணும், ஒத்தக் கையில ஆகாது, வந்து புடிங்க அப்பாரு" என்று வேலையாகக் கூப்பிடுங்கள். எந்தத் தடம் முன்கால், எந்தப் பக்கமிருந்து ஓடிவந்தது என்று அவருக்குத்தான் தெரிந்திருக்கும், ஏனென்றால் திட்டியது அவர்தானே.

ஜமுக்காளத்தைப் பற்றி. சட்டகம் போட்டு மாட்டி வைக்கிற வேலை எனக்குப் பிடிக்காது. தினமும் கை படுகிற பொருளாக மாற்றுங்கள் என்பேன். சாய்வு நாற்காலியின் முதுகுத் துணி, கட்டில் விரிப்பின் ஓர் ஓரம், டிவிஎஸ் வண்டி சீட் உறை, எதுவும் சரிதான். பவானி ஜமுக்காளம் கனமான நெசவு, வெட்டின இடத்தில் ஊடை நூல் பிரிந்து பிரிந்து வரும். எனவே வெட்டப் போகும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் முதலில் இரண்டு வரி நெருக்கமாகத் தையல் ஓட்டிவிட்டு, அப்புறம் நடுவில் வெட்ட வேண்டும். 18-ஆம் நம்பர் ஊசியும் கெட்டி நூலும் வேண்டும். வீட்டு மிஷின் திணறினால் பவர் மிஷின் வைத்திருக்கும் கடையில் கொடுங்கள். நாய் நகத்தால் பிறாண்டிய கிழிசல் இருந்தால் அதை ஒளிக்காதீர்கள். கீழே ஒரு துணி கொடுத்து, சுற்றிலும் கைத்தையல் போட்டால் கிழிசல் அப்படியே தெரியும், மேலும் பிரியாது. இந்த இடத்தை மட்டும் மிஷினுக்குக் கொடுக்காமல் நீங்களே தைத்தால் நன்றாக இருக்கும்.

சிலர் நாய் படுத்த பழைய பனியனைக் கொண்டுவருவார்கள். பனியன் துணி இழுபடும், தைத்தால் கோணிக்கொள்ளும். பின்பக்கம் ஃபியூசிங் துணியை வைத்து இஸ்திரியால் ஒட்டிவிட்டுத் தைத்தால் சாதாரணத் துணி போல நிற்கும். திருப்பூரில் இதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் நாயின் முகத்தைப் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. என் தொழிலே அதுதான், ஆனாலும் புகைப்படத்தை அப்படியே தையலாக்கினால் அழுத்தமாக, விறைப்பாக, யார் நாயோ போல ஆகிவிடும். நீங்களே பென்சிலால் ஒரு கோட்டுப்படம் போடுங்கள், காது ஒன்று மடிந்திருந்தால் அது போதும். கார்பன் தாளால் துணியில் எடுத்துச் சங்கிலித் தையல் போடுங்கள்.

பட்டையும் மணியும் தொடாமல் இருக்கட்டும். எல்லாவற்றையும் வேறொன்றாக மாற்றிவிடக்கூடாது, ஒன்றாவது அது இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தோலை ஈரத்துணியால் லேசாகத் துடைத்து நிழலில் உலர்த்தி, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தடவினால் வெடிக்காது. மணியைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தக் கறுப்பு அவன் கழுத்தில் ஏறினது.

முடி விஷயம் சுருக்கமாக. நாட்டுநாய், சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் குட்டை முடி, அதை மட்டும் வைத்து நூல் நூற்க முடியாது. பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு போல உள்ரோமம் உள்ள நாய்களுக்குத்தான் நூற்க வரும், அதுவும் இரண்டு அங்குலமாவது நீளம் இருந்தால் எளிது. உங்களிடம் இருப்பதை ஆட்டு ரோமத்தோடு கலந்து ஊசியால் குத்திச் சின்ன உருவம் செய்யலாம். பக்கவாட்டில் முள் வெட்டிய ஊசி அதற்கென்றே விற்கிறது, குத்தக் குத்த இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகும். உள்ளே முழுக்க ஆட்டு ரோமம் வைத்து மேலே மட்டும் நாய் முடி கலந்த ரோமத்தைப் போடுங்கள், குறைந்த முடி போதும். கோயம்புத்தூர் குரும்பை ஆட்டின் ரோமம் முரடு, நீலகிரி ஆட்டின் ரோமம் மென்மை. மேச்சேரி ஆட்டைக் கேட்காதீர்கள், அது ரோமம் தராது. முடியைக் கழுவுவதானால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு விட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும், கசக்கினால் அப்போதே சிக்குப் பிடித்துவிடும். வெளியூரில் யாரிடமாவது கொடுத்துச் செய்வதானால் இருக்கிற முடி முழுவதையும் அனுப்பாதீர்கள், பாதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசின் என்ற, கண்ணாடி போல இறுகும் பசைக்குள் முடியையோ பூவையோ பதித்த பதக்கத்தை இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் வருடம் போகப் போக வெயில் படும் இடத்தில் மஞ்சளாகும். செய்வதானால் முடியோ பூவோ எலும்பு போல உலர்ந்திருக்க வேண்டும், ரெசினும் அதை இறுக்கும் ஹார்டனரும் டப்பாவில் போட்ட விகிதம் பிசகக்கூடாது, கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். சித்திரை வெயிலில் கலக்கினால் ஊற்றுவதற்குள் இறுக ஆரம்பித்துவிடும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சலங்கை, கொம்புக் குப்பி, லாடம், மூக்கணாங்கயிறு என்று அவர்களிடம் நாய்க்காரர்களைவிட நிறையவே இருக்கும். வால் முடி நீளமாகவும் உறுதியாகவும் இருப்பதால் மூன்று புரியாகப் பின்னிச் சாவிக்கொத்து செய்யலாம். காங்கயம் கன்று செம்பழுப்பாகப் பிறந்து சில மாதத்தில் மயிலை என்கிற சாம்பல் நிறத்துக்கு மாறும், கன்றாக இருந்தபோது உதிர்ந்த முடியை எடுத்து வைத்திருக்கிறவர்கள் இரண்டு நிறத்தையும் சேர்த்துப் பின்னலாம். ஆனால் நன்றாக இருந்த மாடு திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வந்திருந்தால் எதையும் எடுக்காதீர்கள், அறுக்கவும் கூடாது. அடைப்பான் நோயாக இருக்கலாம், அதன் கிருமி மண்ணிலும் தோலிலும் பல்லாண்டு தாங்கும், மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, அவர் சொல்கிறபடி ஆழமாகப் புதைப்பதோ எரிப்பதோதான் வழி. வெறிநோய்ச் சந்தேகத்தோடு இறந்த நாய், பூனையிலும் அப்படித்தான், முடி, பட்டை, தடம் ஒன்றும் வேண்டாம். படத்தை வைத்து மண்ணில் உருவம் பிடியுங்கள். வீட்டில் வளர்த்த பச்சைக்கிளியின் இறகை வைத்து ஏதாவது செய்யக் கேட்டும் வருகிறார்கள். பச்சைக்கிளி 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பறவை, வளர்ப்பதே குற்றம், அந்த வேலையை நான் எடுப்பதில்லை.

அடக்கம் செய்த இடத்தில் தென்னை வைக்கலாமா என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்பதுதான். தென்னைக்கு மூன்றடி குழி வெட்ட வேண்டும், அவனை எடுத்துப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். நாலைந்து அடி தள்ளி வையுங்கள், வேர் தானாகத் தேடி வரும். கடைசியில் டாக்டர் ஊசி போட்டு முடித்த நாயாக இருந்தால் அந்த மருந்து உடலில் தங்கும், வேறு நாயோ கீரியோ தோண்டாதபடி மேலே கல் அடுக்குங்கள். தகனம் செய்து சாம்பல் வைத்திருப்பவர்கள் அதை நேராகச் செடியின் வேரில் கொட்ட வேண்டாம். அதில் உப்பும் காரத்தன்மையும் அதிகம், செடி கருகிவிடும். நிறைய மண்ணும் தொழுவுரமும் கலந்து, ஒரு கைப்பிடி மட்டும் சேருங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று அப்பாருவுக்குத் தொடர்ந்தால் கைவேலையை நம்பி இருக்காதீர்கள். வயதானவர், டாக்டரிடம் காட்டுங்கள். மனம் விட்டுப் பேசுவதற்கு 14416 என்ற அரசு எண்ணும் இருக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

களத்துத் தடங்களைக் காலை வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடுத்து அனுப்புங்கள் அம்மணி. உச்சி வெயிலில் எடுத்தால் ஆழம் தெரியாது. எது அச்சுக்குத் தோது, எதில் குடைவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் எடுத்துவிட்டால் நல்லது.